மலைக்குப் புறப்படும் சோபாக்காரர்

நெடுநடைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காடு மலையெல்லாம் தேடினாலும் அகப்பட மாட்டார். நல்ல வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள கடையில், முதுகுப்பைகள் வரிசையாகத் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்று, ஒரு வாரை இழுத்து, ஒரு கொக்கியைத் தட்டி, "இது பனிக்குத் தாங்குமா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். பனியை அவர் இதுவரை நேரில் கண்டது குளிர்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான்.

நடக்கிறவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. நடக்கிறவர் தன்பாட்டுக்கு நடந்து போய்விடுகிறார். அவரை நிறுத்திவைத்துப் பார்க்க யாரால் முடியும்? நாம் பார்க்கப்போவது நடக்கப்போகிறவரை. இவர் எங்கும் போகாதவர் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

அடையாளம் சுலபம். உடம்பு பூசினாற்போல் இருக்கும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அதன்மேல் வருஷத்துக்கு ஒரு பூச்சு பூசியாகிவிட்டது. பக்கத்துத் தெருவுக்குக் காரில் போவார். கார் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் போன காரியத்தையே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். லிஃப்ட் பழுது என்று பலகை தொங்கினால், மேலே இருக்கிறவரைக் கீழே வரச் சொல்லுவார். ஆனால் பேச்சை மலைப்பக்கம் திருப்பிவிட்டுப் பாருங்கள். முகடு, சரிவு, நீரூற்று, கூடாரம் போடத் தோதான திட்டு என்று, மூச்சே வாங்காமல் ஒரு மலைத்தொடரைக் கடந்துவிடுவார். வாயால் நடக்கும்போது மூச்சு வாங்குவதில்லை.

நம்முடையவர் சோபா விற்கிறார். கடைத்தெருவின் மூலையில், கண்ணாடி முகப்பு வைத்த பெரிய கடை. அந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவர் என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஒரு சோபாவை ஓரக்கண்ணால் பார்த்துத் தயங்கினால் போதும், இவர் போய் அதன்மேல் தொப்பென்று உட்காருவார். சோபா ஒருமுறை கீழே இறங்கி, கொஞ்சம் யோசித்து, மேலே வரும்.

"கேட்டுதா? ஒரு சத்தம் வந்துதா? என்னையே தாங்குது சார். உங்களைத் தாங்காதா?"

வாங்கிவிடுவார்கள். உத்தரவாத அட்டையில் எழுதியிருப்பதை யார் நம்புகிறார்கள்? கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் உத்தரவாதத்தை எப்படி நம்பாமலிருப்பது?

ஆகவே வாழ்க்கை சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டாக்டர் ஒருநாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிரும் வரை.

"தினமும் அரை மணி நேரம் நடங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வெறும் அரை மணி நேரமா?"

"அரை மணி நேரம். மெதுவாவே நடக்கலாம்."

சோபாக்காரருக்கு அது அவமானமாக இருந்தது. அரை மணி நேரம் என்பது பால் வாங்கப் போய்வரும் நடை. அதுவும் மெதுவாகவாம். மருத்துவமனை வாசலிலிருந்து கார்வரை நடந்த தூரத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் வீட்டில் அறிவித்தார்.

"மலைமுகட்டுப் பாதை இருக்கே, அதை ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் நடக்கப்போறேன்."

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் ஊரார் கையில் ஊசி குத்துகிறவர். வலிக்காமல் குத்தத் தெரிந்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டாக்டர் அதையா சொன்னாரு?"

"அவர் ஆரம்பத்தைச் சொன்னாரு. நான் முடிவைச் சொல்றேன்."

இந்த இனத்தின் முதல் சடங்கு அறிவிப்பு என்றால் இரண்டாவது சடங்கு சாமான் சேர்ப்பது. வந்தன: தண்ணீர் உள்ளே போகாத சட்டை, வியர்வை வெளியே வரும் சட்டை, இரண்டையும் செய்யும் மூன்றாவது சட்டை, மடக்கினால் கைக்குள் அடங்கும் அடுப்பு, இருட்டில் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, ஆபத்து வந்தால் ஊதுவதற்கு ஊதல், அது காணாமல் போனால் ஊதுவதற்கு இன்னோர் ஊதல், ஒரு ஜோடி நடைக்குச்சி. மழைச்சட்டையைச் சோதிக்க அதை மாட்டிக்கொண்டு குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூடாரத்தைச் சோதிக்கக் கடையில் இரண்டு சோபாக்களுக்கு நடுவே விரித்து, உள்ளே போய்ப் படுத்து, அப்படியே தூங்கிப்போனார். சோபா வாங்க வந்த தம்பதி வெளியே நின்று உள்ளிருந்து வந்த குறட்டையைக் கேட்டுவிட்டு, கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

"இந்த மாடல்ல இரட்டைக் கட்டில் வருமா?"

நடையில் தெம்புக்காகத் தின்ன வேண்டிய பருப்புக் கட்டிகளும் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. மலையில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது? இப்போதே பழக வேண்டாமா? தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பழகினார். பயிற்சி தொடங்கிய மாதத்தில் பெல்ட்டில் இன்னோர் ஓட்டை போட வேண்டியிருந்தது.

அப்புறம் பாரம். நெடுநடைக்காரருக்குப் பாரம் என்பது பையிலிருப்பது மட்டும்தான், இதைக் கவனியுங்கள். சீப்பை உடைத்துப் பாதியாக்கினார். துண்டை வெட்டிக் கைக்குட்டையாக்கினார். சட்டைகளின் கழுத்திலிருந்த துணிச்சீட்டுகளைக் கத்தரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முகத்தில் தீவிரத்தோடு, பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

மனைவி காப்பியோடு வந்து நின்று பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"எடையைக் குறைக்கிறேன்."

அம்மாள் பிரஷ்ஷைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் பிரஷ்ஷைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, காப்பியை வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் சொல்லாமல் விட்ட வார்த்தைகளில் அதுதான் மிகச் சிறந்தது.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்ட உங்களிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடலாம். நம்மவருக்கு மலையில் ஒன்றுமில்லை. அவருக்குப் போக வேண்டிய இடம் வேறு. அது ஒரு பழைய கட்டிடத்தின் நாலாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, அங்கே அவருடைய மகள் குடியிருக்கிறாள்.

கண் மருத்துவமனையில் வேலை கிடைத்து, அதற்குப் பக்கத்திலேயே வீடும் பிடித்து, மகள் தனியாகக் குடிபோனபோது, கடையிலேயே நல்ல சோபாவாகத் தேர்ந்தெடுத்து அவர்தான் கொடுத்தனுப்பினார். இறக்கி வைக்கும் ஆட்கள் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார்கள். "சுவத்துல இடிக்காம, சுவத்துல இடிக்காம" என்று சொல்லிக்கொண்டே இவர் பின்னால் ஏறினார். இரண்டாவது மாடியில் குரல் நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்முன்னால் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் பறந்தன. நெஞ்சுக்குள் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைப்பதுபோல் இருந்தது. காய்கறிப் பையோடு ஏறிவந்த ஒரு முதியவர் "வழி விடறீங்களா?" என்று கேட்டுவிட்டு, விட்ட வழியில் சீட்டியடித்தபடி மேலே போனார். சோபாக்காரர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "அப்படியா? இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

சோபா போய்ச் சேர்ந்தது. சோபாக்காரர் போகவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு காரில். மனைவி முன்னதாகவே மேலே போய்ச் சமைக்க ஒத்தாசை செய்வார். இவர் வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். மகள் பால்கனியில் எட்டிப் பார்த்து, "மேலே வாங்கப்பா" என்பாள். இவர் கண்ணாடியை இறக்கி ஒரு காரணத்தைச் சொல்வார். காரை விட்டுப் போனால் இடித்துவிடுவார்கள். கடையில் ஆளில்லை, உடனே கிளம்பணும். முழங்காலில் லேசான பிடிப்பு. மகள் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அவள் கேட்டாள்:

"என் வீட்டை நீங்க எப்பப்பா பார்க்கப்போறீங்க?"

"மலையை முடிச்சுட்டு நேரா உன் வீட்டுக்குத்தாம்மா. அப்ப இந்தப் படியெல்லாம் எனக்கு ஒரு படியா?"

ஆளைப் புரிகிறதா? அரை மணி நேரம் நடக்கப்போகிறேன் என்று சொன்னால், "ஏன், உடம்பு முடியலையா?" என்று கேட்பார்கள். மலைக்குப் போகிறேன் என்று சொன்னால், "எப்போ?" என்று கேட்பார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்குப் பிடிக்கும்? நாலு மாடி ஏற முடியாதவர் என்ற பெயரைவிட, மலைக்குப் போக இன்னும் நேரம் அமையாதவர் என்ற பெயர் எவ்வளவு கௌரவமானது!

இப்போது பூட்ஸுக்கு வருவோம். கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த தோல் பூட்ஸ். விற்றவர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: "சார், புதுசா மாட்டிக்கிட்டு நேரா மலைக்குப் போயிடாதீங்க. முதல்ல கொஞ்ச நாள் ஊருக்குள்ள போட்டு நடங்க. தோல் பழகணும்."

தோல் பழகணும் என்ற வார்த்தை சோபாக்காரருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊருக்குள்ள நடங்க என்ற வார்த்தை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யோசித்தார். மனைவியின் தம்பி ஒருவர் உண்டு. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. நாள் முழுதும் நடை. சோபாக்காரர் மைத்துனரை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"மாப்ளே, உன் கால் என்ன அளவு?"

"எதுக்கு அத்தான்? செருப்பு எடுத்துத் தரப்போறீங்களா?"

"அதுக்கும் மேல."

பூட்ஸைப் பார்த்து மைத்துனர் அசந்துபோனார். அளவு அப்படியே பொருந்தியது.

"நீ எப்படியும் தெருத்தெருவா நடக்கறே. சும்மா நடக்கறதை இதுல நடந்து கொடு. தோல் பழகினதும் திருப்பிக் கொடுத்துடு."

"நான் நடந்தா உங்களுக்குப் பழகுமா அத்தான்?"

"போடா. யார் காலுன்னு பூட்ஸுக்குத் தெரியவா போகுது?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "அப்படியே அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் அவனையே வரச் சொல்லுங்க. ரிசல்ட் நல்லா வரும்."

யார் கால் என்று பூட்ஸுக்குத் தெரியும். அதிலும் மைத்துனரின் கால்கள் தனி ரகம். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டதுபோல் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். வலது கட்டைவிரலின் எலும்பு பக்கவாட்டில் புடைத்து நிற்கும். ஒவ்வோர் அடியும் பாதத்தின் வெளிவிளிம்பில்தான் விழும். நாய் துரத்திய சந்துகளிலும், கதவு திறக்காத வாசல்களிலும், மொட்டைமாடி மீட்டர்களுக்குப் போகும் இரும்பு ஏணிகளிலும் அந்தக் கால்களோடு பழகிய பூட்ஸ், கடைசியில் மெழுகு தேய்த்துப் பளபளவென்று திரும்பி வந்தது. சோபாக்காரர் அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "தோல் வந்துடுச்சு" என்று திருப்தியோடு சொன்னார். பழைய சோபாவின் குழிகளைப் பார்த்தே, அப்பா எந்த ஓரம், அம்மா எந்த ஓரம், யார் சாய்ந்து உட்காருகிறவர், யார் காலை மடக்கிக்கொள்கிறவர் என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். தன் பூட்ஸின் பக்கவாட்டில் புடைத்திருந்த மேடு மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

மலைக்கு அழைத்துப்போகும் குழுவின் தலைவி நீச்சல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கழுத்திலிருந்த விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. எல்லோருக்கும் அவர் விசிலம்மாதான். ஆசைப்பட்டவர்களையெல்லாம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் ஏரிக்கரையில் நிறுத்தி, ஒரு கம்பில் கொடியைக் கட்டி நட்டார்.

"ஏரியை ஒரு சுத்து. அவசரமே இல்லை. ஆனா நான் கொடியைச் சுருட்டறதுக்குள்ள இங்க வந்துடணும். வந்தவங்க மலைக்கு. வராதவங்க வீட்டுக்கு."

விசில் ஊதினார்.

சோபாக்காரர் பிரமாதமாகப் புறப்பட்டார். இரண்டு குச்சிகளும் டக் டக் என்று முன்னால் போக, முதுகுப்பை பின்னால் ஆட, பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னார். மூச்சை மூக்கால இழுங்க. குதிகால் முதல்ல படணும். தண்ணியை மொத்தமாக் குடிக்கக் கூடாது, தொண்டையை நனைச்சுக்கணும். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்கள். வழியனுப்ப வந்த மைத்துனர் மட்டும் ரப்பர் செருப்பில், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, கூடவே வந்தார்.

முதல் வளைவு தாண்டியதும் பூட்ஸ் பேச ஆரம்பித்தது. வலது காலில் இல்லாத எலும்புக்காகக் காத்திருந்த மேடு ஒரு பக்கம் வெற்றாகக் கிடக்க, மறுபக்கம் இறுக்கிப் பிடித்தது. குதிகால் ஒரு திசையில் போக, பூட்ஸ் வேறொரு திசையில் போனது. நெடுநடைக்காரர் வலிக்கிறது என்று சொல்வாரா? மூச்சு வாங்குகிறது என்றாவது சொல்வாரா? அவரிடம் நிற்பதற்கென்று தனிக் கலையே இருக்கிறது. முதலில் நாடாவைக் கட்டுவதற்கு நின்றார். பிறகு ஒரு பறவையைப் பார்ப்பதற்கு நின்றார். பிறகு அந்தப் பறவை திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கு நின்றார். படம் எடுத்தார். எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று மரத்தில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் ஆராய்ந்தார்.

"அத்தான், அது காக்கா."

"தெரியும்டா. காக்காவுல இது வேற மாதிரி."

எதிர்க்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதைக் கண்டதும் உட்கார்ந்தார். பெஞ்சு கீழே இறங்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பூட்ஸைக் கழற்றியபோது காலுறையோடு கொஞ்சம் தோலும் வந்தது.

"அய்யய்யோ! எங்க அத்தான் கடிச்சுது?"

"எங்க கடிக்கலைன்னு கேளு. இது என் பூட்ஸே இல்லடா. நான் போட்டிருந்தேனே தவிர, உள்ள முழுக்க உன் காலுதான் இருக்கு."

"பழக்கிக் கொடுன்னீங்க, பழக்கிக் கொடுத்தேன். உங்க காலையும் சேர்த்துக் கொடுத்திருந்தா அதையும் பழக்கியிருப்பேன்."

சண்டை போடக்கூட மூச்சு இல்லை. மைத்துனர் தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, பூட்ஸுக்குள் காலை விட்டார். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் கால் உள்ளே போயிற்று.

"பையையும் கொடுங்க. நான் முன்னாடி ஓடிப்போய் விசிலம்மாகிட்ட கொடியைச் சுருட்டாம இருக்கச் சொல்றேன்."

அவர் போய்விட்டார். சோபாக்காரர் வந்த வழியைப் பார்த்தார், போக வேண்டிய வழியைப் பார்த்தார். ஏரியின் நியாயம் விசித்திரமானது. சரிபாதியில் உட்கார்ந்துவிட்டவனுக்குத் திரும்பிப் போனாலும் அதே தூரம், முன்னால் போனாலும் அதே தூரம். படகு ஏதாவது கண்ணில் படுகிறதா என்றுகூடப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுந்து, ரப்பர் செருப்பில், பாரம் இல்லாமல், யோசனை சொல்ல ஆளும் இல்லாமல், மெதுவாக நடந்தார். நின்றார். நடந்தார். நிற்பதற்குக் காரணம் சொல்ல யாரும் இல்லாததால் சும்மா நின்றார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கொடி இல்லை, கம்பு நட்ட குழிதான் இருந்தது. கார்மேல் சாய்ந்து நின்ற மைத்துனர் தரையைப் பார்த்தார்.

"என்னடா சொன்னாங்க?"

"மலைக்கு வரச் சொன்னாங்க."

"பார்த்தியா! நான் சொல்லல?"

"உங்களை இல்ல அத்தான். என்னை." மைத்துனர் தலையைச் சொறிந்தார். "நான் எவ்வளவோ சொன்னேன். பூட்ஸைப் பார்த்துட்டு, இது நடந்த காலு, பொய் சொல்லாதுன்னுட்டாங்க."

சோபாக்காரர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அன்று அவர் ஏரியை முழுசாகச் சுற்றியிருந்தார். டாக்டர் சொன்ன அரை மணியைவிட மூன்று மடங்காவது இருக்கும். அது அவருக்கு உறைக்கவே இல்லை. மலைதான் கைவிட்டுப் போய்விட்டதே, ஏரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை அல்லவா? கார் நின்றதும் மைத்துனர், "நான் மேலே போய்ச் சாப்பிடறேன் அத்தான்" என்று பூட்ஸோடு படியேறி மறைந்தார். சோபாக்காரர் ஹாரன் அடித்தார். மனதுக்குள் காரணம் தயாராக இருந்தது; இந்தத் தடவை நிஜமான காரணம், கால் புண். சொல்லப்போகிற வாக்கியத்தைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டார்.

மகள் பால்கனியில் எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாப்பா? சாப்பாடு ரெடி. இதோ எடுத்துட்டு வரேன்."

உள்ளே போய்விட்டாள்.

சோபாக்காரர் கண்ணாடியை இறக்கியது இறக்கியபடியே உட்கார்ந்திருந்தார். மேலே வாங்கப்பா என்று அவள் சொல்லவில்லை. போன வாரமும் சொல்லவில்லையோ? அதற்கு முந்தின வாரம்? யோசித்துப் பார்த்தார், நினைவில்லை. எப்போது கேட்பதை நிறுத்தினாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. கையில் வைத்திருந்த நல்ல காரணத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

காரை விட்டு இறங்கினார்.

முதல் மாடி வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் எல்லாம் தெரிந்தது. இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே, தட்டை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிவந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கப்பா போறீங்க?"

"இங்க தெரிஞ்சவங்க வீடு ஒண்ணு இருக்கு. வழி விடு."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டாள். தட்டோடு பின்னாலேயே ஏறினாள். இரண்டாவது மாடியில் அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்து, "பரவாயில்ல, நல்ல காத்து" என்றார். அதற்கு மேலே ஒரு திருப்பத்தில் சுவரின் காரையைத் தட்டி, "பழைய கட்டிடம்னாலும் கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் போனை எடுத்தார். எடுத்த போனைப் பார்த்தார். பின்னால் நின்றவளைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலம்மா. கொஞ்சம் உட்காரணும்."

வெறும் இரண்டு வாக்கியம். அதைச் சொல்லாமலிருக்கத்தான் ஒரு கூடாரம், மூன்று சட்டை, இரண்டு ஊதல்.

"உட்காருங்களேன்ப்பா" என்றாள் மகள், அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. அவரும் படியில் உட்கார்ந்தார். அவளும் அடுத்த படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். "ஆறிடும். பாதியை இங்கயே சாப்பிட்டுடலாம், மீதியை மேலே போய்ச் சாப்பிடலாம்." அங்கேயே ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மேல்வீட்டுக்காரர் ஒருவர் இறங்கி வர, முதலில் மகள் ஒதுங்கினாள்; ஒருவர் மட்டும் ஒதுங்கினால் போதாது என்று, அப்பாவும் ஒதுங்கும் வரை அந்த மனிதர் பணிவோடு காத்து நின்றார்.

நாலாவது மாடிக் கதவைத் திறந்த மனைவி, கணவரைப் பார்த்தார், அவர் காலில் இருந்த தம்பியின் செருப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உள்ளே போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். சோபாக்காரர் மகளின் வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறை என்கிற சின்னச் சந்து, ஜன்னலோரம் ஒரு மேசை, சுவரில் கண்பார்வையைச் சோதிக்கும் எழுத்துப்பலகை ஒன்று வேடிக்கைக்காக மாட்டியிருந்தது. கடைசி வரிக்கு முந்தின வரி வரை கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டினார். "நல்லாத்தான் வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இதோடு கதை முடிந்தது, மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. டீ வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. டீ பாதி இறங்குவதற்குள், அந்த மலைமுகட்டில்கூட இவ்வளவு செங்குத்தான ஏற்றம் கிடையாது என்று நிரூபித்துவிட்டார்.

"மலைக்குப் போகப்போறது நான்தானே அத்தான்?" என்றார் மைத்துனர்.

"நீ போய்ட்டு வாடா. மலையெல்லாம் யார் வேணா ஏறலாம். ஊருக்கு நடுவுல புதுசா கட்டியிருக்கானே, வானத்தைத் தொடற மாதிரி ஒண்ணு, அதைப் படியிலயே உச்சி வரைக்கும் ஏறப்போறேன். போட்டியே வைக்கிறாங்களாம். அதுக்குத் தனி ஷூ இருக்கு."

மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கென்னப்பா, ஏறலாம்" என்றாள் மகள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மாடி. ஹாரன் அடிச்சா நான் பால்கனிக்கு வர மாட்டேன்."

சோபாக்காரர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். உங்களுக்கு மலையில் நாட்டமில்லை; நாலு மாடியைச் சிரமமில்லாமல் ஏறிவிடுவீர்கள்; பிரஷ்ஷெல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது. உங்கள் விஷயமே வேறு. நீங்கள் ஒரு பெரிய புத்தகம் எழுதப்போகிறீர்கள், அதனால்தான் அண்ணனுக்கு ஒரு வரி பதில் எழுத நேரமில்லை. வேலையை விட்டுவிட்டு உலகத்தைச் சுற்றப்போகிறீர்கள், அதனால்தான் பக்கத்துத் தெருவிலிருக்கும் அத்தையைப் பார்க்கப் போகவில்லை. வீட்டையே இடித்துக் கட்டப்போகிறீர்கள், அதனால்தான் அந்தக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் நியாயமான காரணங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கேட்கிறார்களா?